வெளிநாட்டில் கால்பந்து ஆடப் போகிறீர்களா? விமானம் ஏறும் முன் பார்க்க வேண்டியவை

லுட்ஸ் ஃபானன்ஷ்டீல் என்றொரு ஜெர்மன் கோல்கீப்பர். 1973-ல் பவேரியாவில் பிறந்தவர். இளம் வயதில் பேயர்ன் மியூனிக் தன் அமெச்சூர் அணிக்குக் கூப்பிட்டது. அவர் அதை விட்டுவிட்டு மலேசியாவில் பினாங்கு அணிக்கு ஆடக் கிளம்பினார். அப்புறம் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, பின்லாந்து, சிங்கப்பூர், நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, பிரேசில், நமீபியா என்று போய்க்கொண்டே இருந்தார். ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் வீரர் என்ற பெயர், 2008-ல் பிரேசில் கிளப் ஒன்றில் ஆடியபோது அவருக்குக் கிடைத்தது. அதே மனிதர் சிங்கப்பூரில் ஆட்ட மோசடி வழக்கில் 101 நாள் சிறையில் இருந்தார். இங்கிலாந்தில் ஆட்டத்தின் நடுவே மோதி மூச்சு நின்று பிழைத்தார். வெளிநாட்டில் ஆடும் வீரருக்கு நடக்கக்கூடிய நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அவருக்கு நடந்திருக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அவர் அங்கங்கே வருவார்.

ஆட்டத் திறமையைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அதை உங்கள் கோச் பார்த்துக்கொள்வார். நன்றாக ஆடத் தெரிந்தும் ஏமாந்து ஊர் திரும்பும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் காகித வேலையில்தான் கோட்டை விடுகிறார்கள். வயது, விசா, ஒப்பந்தம், பதிவு ஆகிய நான்கையும் ஊரில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

முதல் படி: வயது

ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது. சில விலக்குகள் உண்டு. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் அந்த நாட்டில் குடியேறியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 முதல் 18 வயது வரையுள்ளவர், கிளப் படிப்புக்கும் தங்குவதற்கும் ஏற்பாடு செய்தால் மாறலாம். வீடும் கிளப்பும் நாட்டு எல்லையின் இரு பக்கமும் 50 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் முடியும். பெற்றோர் துணையின்றி வந்த அகதிச் சிறுவர்களுக்கும் தனி வழி இருக்கிறது.

“அப்பாவுக்கும் அங்கேயே ஒரு வேலை போட்டுத் தருகிறோம், குடும்பத்தோடு வந்துவிடுங்கள்” என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். மகனின் கால்பந்துக்காகக் குடும்பம் நகர்ந்தது என்று தெரிந்தால் அந்த விலக்கு செல்லாது. இந்த விதியை மீறியதற்காக 2014-ல் பார்சிலோனா கிளப்புக்கே, அடுத்தடுத்த இரண்டு மாற்றக் காலங்களில் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழுந்தது. அங்கே பயின்றுகொண்டிருந்த தென்கொரியச் சிறுவன் லீ சுங்-வூ, 2016 ஜனவரியில் 18 வயது நிரம்பும்வரை கிளப்புக்காக அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடியாமல் காத்திருந்தான். தண்டனை கிளப்புக்குத்தான், ஆனால் வளர வேண்டிய வயதில் ஆட்டத்தை இழந்தது பையன்.

பார்சிலோனாவில் காத்திருந்தவனுக்காவது சாப்பாடும் படுக்கையும் இருந்தன. 2015-ல் லாவோஸ் நாட்டுக் கிளப் ஒன்றில், பெரும்பாலும் லைபீரியாவிலிருந்து ‘அகாடமி’ என்று சொல்லி அழைத்து வரப்பட்ட 18 வயது நிரம்பாத பையன்கள் சரியான சாப்பாடும் சம்பளமும் இல்லாமல் தங்கவைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுக்கும் ஐரோப்பிய அகாடமிகளும் இருக்கின்றன. சில நல்லவை. ஆனால் அங்கே நீங்கள் பணம் கட்டிப் படிக்கிற மாணவர்தான், ஒப்பந்த வீரர் அல்ல. அந்த வித்தியாசம் தெரிந்து சேர்ந்தால் சரி.

இரண்டாம் படி: எந்த நாடு

பெரிய லீக்கின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டை எந்த நாடு உள்ளே விடும் என்று முதலில் பாருங்கள். 2009-ல் சுனில் சேத்ரியை இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்க முன்வந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்பதால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. கிளப் வேண்டும் என்றது, வீரர் வருகிறேன் என்றார், அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டிக்கும், 2012-ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணிக்கும் போனார். இங்கிலாந்தில் 2021 முதல் புள்ளிக் கணக்கு முறை நடக்கிறது. தேசிய அணி ஆட்டங்கள், இப்போது ஆடும் லீக்கின் தரம், அதில் எத்தனை நிமிடம் ஆடினீர்கள் என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. இந்தியாவிலிருந்து நேரே போகிறவர் அதில் தேறுவது கடினம்.

நெதர்லாந்தில் வேறு மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் வீரருக்கு லீக்கின் சராசரிச் சம்பளத்தில் 150 சதவீதம் கொடுத்தால்தான் அனுமதி. மிக இளையவர்களுக்கு அதில் பாதி. பேர் தெரியாத வீரருக்கு எந்த டச்சுக் கிளப்பும் அவ்வளவு கொடுக்காது. ஆகவே “நெதர்லாந்தில் சின்ன கிளப்பில் சேர்த்துவிடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்த விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இந்தியர்களுக்கு நடைமுறையில் கதவு திறந்த இடங்களில் ஒன்று ஸ்காண்டிநேவியா. குர்ப்ரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். முதல் அணியின் லீக் ஆட்டத்தில் இறங்க 2016 வரை பொறுத்திருந்தார். அதே ஆண்டு யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடி, அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பெண்களில் பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்கும், மனிஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸின் அப்பல்லோனுக்கும் போனார்கள். ஐரோப்பாவிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாட்டு பாஸ்போர்ட் இருந்தால் பாதை வெகு சுலபம். 1995 டிசம்பர் 15 அன்று வந்த போஸ்மான் தீர்ப்புக்குப் பிறகு, ஒன்றிய நாட்டுக் குடிமக்களை ‘வெளிநாட்டவர்’ என்று எண்ணி வரம்பு கட்ட முடியாது.

இன்னொன்று, சீசன் காலண்டர். இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனியில் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். நார்வே, சுவீடன், பின்லாந்தில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். அதனால் வீரர்களைப் பதிவு செய்யும் காலமும் நாட்டுக்கு நாடு மாறும். நவம்பரில் பின்லாந்துக்கு டிரயல் (தேர்வுப் பயிற்சி) போய்ப் பயனில்லை, ஜனவரி, பிப்ரவரியில் போக வேண்டும்.

மூன்றாம் படி: ஏஜென்டும் டிரயலும்

2023 முதல் வீரர்களுக்காகப் பேரம் பேசுகிற ஏஜென்ட், ஃபிஃபா நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெயரை ஃபிஃபா தளத்தில் தேடினால் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வீரரோடு அவர் போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், அவர் உங்கள் சித்தப்பாவின் நண்பராக இருந்தாலும் சரி.

டிரயலுக்கு முன்பணம் கேட்கிறவரை நம்ப வேண்டாம். வீரரை உண்மையிலேயே பார்க்க விரும்பும் கிளப் தன் பெயரில் அழைப்புக் கடிதம் அனுப்பும். அதில் தேதி, எந்த அணியோடு பயிற்சி, யார் பொறுப்பாளர், தங்குமிடச் செலவு யாருடையது, அடிபட்டால் மருத்துவம் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடிதம் வந்ததும் அதில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிடுங்கள். கிளப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசி, “இந்தக் கடிதம் உங்களுடையதுதானா?” என்று கேளுங்கள். மோசடிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு அழைப்பைத் தாங்காது. சுற்றுலா விசாவில் டிரயல் ஆடலாமா என்பதைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட் உங்கள் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். “பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்” என்று கிளப் ஆளோ ஏஜென்டோ கேட்டால் நகலைக் கொடுங்கள்.

நான்காம் படி: ஒப்பந்தம்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: “வீரருக்கு மாதச் சம்பளம் 1,500 யூரோ.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரி பிடித்த பிறகு 1,500-ஆ, பிடிப்பதற்கு முன்பா? ஐரோப்பாவில் பல கிளப்புகள் கையில் வரும் தொகையைத்தான் பேசும், எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டால் வரி உங்கள் தலையில். ஆண்டுக்கு 12 மாதமா, சீசன் நடக்கும் 10 மாதம் மட்டுமா? மாதத்தின் எந்தத் தேதிக்குள்? காயம்பட்டு ஆறு மாதம் படுத்தால் வருமா? முதல் அணியில் இடம் இல்லாமல் ரிசர்வுக்கு அனுப்பினால் குறையுமா? அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால்? இத்தனை கேள்விக்கும் அந்த ஒரே பத்தியில் விடை இருக்க வேண்டும்.

அடுத்து, ஒன்றுக்கு இரண்டு ஒப்பந்தம். சில நாடுகளில் சம்பள ஒப்பந்தத்தில் சின்னத் தொகையை எழுதிவிட்டு, மிச்சத்தை ‘படப் பயன்பாட்டு உரிமை’ (உங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) என்று தனித்தாளில் எழுதுவார்கள். வரி மிச்சம் என்பார்கள். பணம் வராமல் ஃபிஃபாவிடம் போனால், அங்கே விசாரிப்பது வேலை ஒப்பந்தத்தைத்தான். தனித்தாளில் உள்ளதை அதோடு சேர்க்க நீங்கள் பெரும்பாடு பட வேண்டும். முழுத் தொகையையும் ஒரே ஒப்பந்தத்தில் கேளுங்கள். சில கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வீரரை ஊழியராக வைக்காமல், சுயதொழில் செய்பவராகக் காட்டி ஒப்பந்தம் போடுவதும் உண்டு. அப்படியானால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும்.

உங்களுக்குச் சாதகமான விதிகளையும் மனப்பாடமாக வைத்திருங்கள். ஒப்பந்தம் குறைந்தது அந்த சீசன் முடியும்வரை இருக்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து ஆண்டு, 18 வயதுக்குக் கீழே மூன்று ஆண்டு. கையெழுத்தான பிறகு “மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை”, “வேலை அனுமதி வரவில்லை” என்று கிளப் பின்வாங்க முடியாது. இந்த இரண்டையும் காரணம் காட்டி ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லக் கூடாது என்கிறது ஃபிஃபா விதி. அதனால் ஒழுங்கான கிளப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுத்தான் பேனாவை நீட்டும். இருக்கிற ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு நீங்கள் கையெழுத்திடலாம்.

வீராங்கனைகளுக்குத் தனியாக ஒன்று. 2021 முதல் குறைந்தது 14 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு ஃபிஃபா விதியில் இருக்கிறது. ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் கர்ப்பகாலச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை என்று லியோன் கிளப் மீது புகார் செய்து, 82,000 யூரோவுக்கு மேல் வாங்கினார். உலகின் மிகப் பெரிய மகளிர் கிளப்புகளில் ஒன்றிடமே எழுந்து கேட்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

வீடு, ஆண்டுக்கு இத்தனை விமான டிக்கெட், மொழி வகுப்பு, காயத்துக்கான காப்பீடு என்று வாயால் சொன்ன எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் முரண்பாடு வரும்போது எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். தகராறு எங்கே தீர்க்கப்படும் என்ற வரியையும் பாருங்கள். வெளிநாட்டு வீரருக்கு ஃபிஃபாவின் தீர்ப்பாயம் என்று இருந்தால் நல்லது. எல்லாப் பக்கத்திலும் இருவர் கையெழுத்தும் உள்ள அசல் பிரதி ஒன்றை அன்றைக்கே வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். “பிறகு அனுப்புகிறோம்” என்றால், வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

அந்த நாட்டு வீரர்கள் சங்கத்திடம் ஒப்பந்தத்தை ஒருமுறை காட்டுங்கள். உலகளவில் அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பு ஃபிஃப்ப்ரோ, நெதர்லாந்தில் தலைமையகம். 2016-ல் அது 54 நாடுகளில் சுமார் 14,000 வீரர்களிடம் கேட்டபோது, 41 சதவீதம் பேர் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் கால்பந்து வேறு, இந்தத் தொழிலில் இருக்கும் பெரும்பாலானவர்களின் மாத வருமானம் வேறு.

ஐந்தாம் படி: பதிவு

பழைய நாட்டுக் கால்பந்துச் சங்கம் புதிய நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஐ.டி.சி. என்பார்கள். அது ஃபிஃபாவின் டி.எம்.எஸ். என்ற கணினி முறையில்தான் போகும். வீரர் கையில் கொண்டுபோகும் காகிதம் அல்ல. அது வந்து, நீங்கள் அங்கே பதிவாகும்வரை அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடியாது. ஒரே சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், அதிகாரபூர்வ ஆட்டம் பொதுவாக இரண்டுக்கு மட்டும்தான். சீசன் நடுவே அவசரப்பட்டு மாறி அந்த இரண்டையும் தீர்த்துவிடாதீர்கள்.

நீங்கள் சின்ன வயதில் ஆடிய உள்ளூர் கிளப்பின் பதிவுகளும் இந்தக் கணக்கில் வரும். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே பணம் கொடுத்து உங்களை வேறு நாட்டுக் கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை உங்களை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகும். வியாசர்பாடியிலோ வேறெங்கோ உங்களுக்கு முதலில் பந்து கொடுத்த கிளப் உங்களை ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால் அதற்கும் பங்கு உண்டு. அந்தப் பதிவை இப்போதே சரிபார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் மொழிக்குக் கொடுங்கள். தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அவர்கள் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ‘பின்னால் ஆள்’, ‘விடு’, ‘என் பந்து’, ‘மேலே ஏறு’ என்று ஒரு இருபது சொற்களை அந்த ஊர் மொழியில் தயங்காமல் சொல்ல வந்துவிட்டால் சக வீரர்கள் உங்களை நம்பிப் பந்தைக் கொடுப்பார்கள்.

மருந்து விஷயத்தில் மிகவும் கவனம். வீட்டிலிருந்து கொண்டுபோன இருமல் மருந்தோ, கடையில் வாங்கிய சத்துப் பொடியோ, கிளப் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். 2011-ல் மான்செஸ்டர் சிட்டியின் கோலோ டூரே மனைவியின் எடை குறைப்பு மாத்திரையைச் சாப்பிட்டு ஆறு மாதத் தடை வாங்கினார். தெரியாமல் செய்தேன் என்பது தண்டனையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

சூதாட்டக்காரர்கள் தனியாக இருக்கும் வெளிநாட்டு வீரரைத்தான் தேடி வருவார்கள். முதலில் ஒரு சாப்பாடு, அப்புறம் “நாளைக்கு யார் ஆடுகிறார்கள்?” என்ற சாதாரணக் கேள்வி. ஃபானன்ஷ்டீல் சிங்கப்பூரில் குற்றத்தைக் கடைசிவரை மறுத்தார், ஆனாலும் நீதிமன்றம் தண்டித்தது. பிற நாட்டுச் சிறையில் இருந்துகொண்டு உங்கள் பக்க நியாயத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் கேள்வி வந்த அன்றே கிளப்புக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

2002 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ அணிக்காக ஆடும்போதுதான் ஃபானன்ஷ்டீலுக்கு மூச்சு நின்றது. அது பெரிய லீக் ஆட்டம் இல்லை. அந்த மட்டத்தில் ஆடுகிறவர்கள்தான் காப்பீட்டுத் தாளைக் கேட்க மறக்கிறார்கள். காப்பீட்டு எண்ணையும் தொகையையும் ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஏழாம் படி: சம்பளம் நின்றால்

கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். தினமும் போங்கள். தனியாக ஓடச் சொன்னால் ஓடுங்கள், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் கிளப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் கொடுக்கவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. பிறகு ஃபிஃபாவின் தகராறு தீர்ப்புப் பிரிவிடம் போகலாம். வீரருக்கு அங்கே விசாரணைக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டு தாண்டினால் புகாரை ஏற்க மாட்டார்கள். அங்கேயும் திருப்தி இல்லையென்றால் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம், அது செலவு பிடிக்கும்.

ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று முடிவானால் என்ன ஆகும் என்பதற்குப் பிரெஞ்சு வீரர் லசானா டியாரா உதாரணம். 2014-ல் ரஷ்யாவின் மாஸ்கோ லோகோமோட்டிவ் கிளப்போடு முறிவு ஏற்பட்டு, ஒரு கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னார்கள். அவரை எடுக்கும் கிளப்பும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியால் பெல்ஜியத்தின் சார்லெரோவா பின்வாங்கியது. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்றது, ஃபிஃபாவும் அவற்றைத் திருத்தியது. தீர்ப்பு வருவதற்குள் டியாரா ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றிருந்தார்.

கத்தாரில் சம்பளத் தகராறில் மாட்டிய பிரெஞ்சு வீரர் ஜாஹிர் பெலூனிஸ், வெளியேறும் அனுமதிக்குக் கிளப்பின் கையெழுத்து வேண்டியிருந்ததால் ஒரு ஆண்டுக்கும் மேல் அங்கேயே சிக்கியிருந்து 2013 நவம்பரில்தான் கிளம்ப முடிந்தது. நாட்டை விட்டுக் கிளம்ப யாருடைய அனுமதி வேண்டும் என்பதை வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கடைசிப் படி: அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது

ஒப்பந்தம் முடிந்தது, அடுத்த நாடு கூப்பிடுகிறது. கிளம்பும் வாரத்தில் கிளப்பிடமிருந்து சில காகிதங்களை வாங்கிவிடுங்கள். சம்பளம் முழுதும் தந்தாகிவிட்டது என்ற கடிதம் நீட்டினால், கணக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பாக்கியைக் கேட்கும் உரிமை அதோடு போய்விடும். வரி கட்டியதற்கான சான்று வேண்டும், இல்லையென்றால் சொந்த நாட்டில் அதே பணத்துக்கு மறுபடி வரி கேட்கலாம். ஓய்வூதிய நிதியில் பிடித்தது திரும்ப வருமா என்று விசாரியுங்கள். ஸ்கேன், அறுவைச் சிகிச்சை விவரம், தடுப்பூசிச் சீட்டு உட்பட மருத்துவக் கோப்பு முழுவதையும் நகலெடுங்கள். அடுத்த கிளப்பின் டாக்டர் முதல் நாளே கேட்பார். ஆடிய ஆட்டங்களின் முழு வீடியோவையும் கேட்டு வாங்குங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்பு போதாது. உங்களை எடுக்க நினைக்கும் கோச், பந்து உங்களிடம் இல்லாத எண்பது நிமிடத்தையும் பார்க்க விரும்புவார். வாடகை வீட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கும்வரை அந்த ஊர் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.